கறுப்புப் பொட்டை விட்டுவைத்தவன்

ஆனந்தகுமாரின் விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பக்கத்திலேயே பி.எஸ்ஸி. (இயற்பியல்) என்று போட்டிருக்கும். போட்டோ எடுக்கிறவனுக்கு இது எதற்கு என்று செகந்திராபாத்தை ஒட்டிய உப்பலில் கேட்காத ஆளில்லை. கார்டு அடித்துக்கொடுத்த பிரஸ்காரரே கேட்டார். "இருக்கட்டும் சார், படிச்சது படிச்சதுதானே" என்று சொல்லிவிட்டான். கமுதிக்குத் தெற்கே, காலையில் வந்த பஸ் அப்படியே திரும்பிப் போய்விடுகிற ஊர் அவனுடையது. அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் எட்டாவதைத் தாண்டியவர்கள் கிடையாது. அருப்புக்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, ஒளியியல் தாளில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவன். அந்தப் படிப்பை யாராவது லேசாகப் பேசினால் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

படிப்பு அவனை முதலில் கொண்டுவந்து தள்ளிய இடம் அதே நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பட்டான்செரு. மருந்துக் கம்பெனியில் தரச் சோதனை வேலை. ஷிப்டு மாறி மாறி வரும். ஷேர் ஆட்டோவில் அடுத்தவன் மடியில் பாதி உட்கார்ந்து போகவேண்டும். சட்டையில் ஏறிய வாடை துவைத்தாலும் போகாது. கூட வேலை பார்த்த ஒரிசாக்காரர் ஊருக்கே திரும்பியபோது தன் பழைய டிஜிட்டல் கேமராவை இவனுக்கு விற்றுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீட்டுக் குழந்தைகளைப் பிடித்துவைத்து எடுத்துப் பார்த்தான். எடுக்க எடுக்கக் கை வந்தது. ஒருநாள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போன் போட்டான்.

"படிச்ச வேலைய விட்டுட்டு, கல்யாண வீட்டுல லைட்டுப் பிடிக்கப் போறியாக்கும்?" என்றார் அப்பா.

"நான் படிச்சதே லைட்டுதாம்ப்பா."

உப்பலில் ஒரு டிபன் கடைக்கு மேல் மாடியில் அறை பிடித்தான். கறுப்புத் துணி ஒன்று, ஸ்டூல் ஒன்று, வடக்கு பார்த்த ஜன்னல் ஒன்று, பெரிய குடை வைத்த விளக்கு ஒன்று. கேமராவைக் கறுப்பு வெள்ளைக்குத் திருப்பிவைத்தவன் அப்புறம் அந்தப் பக்கம் கையே வைக்கவில்லை. மற்றவர்கள் கலரில் எடுத்துக் கம்ப்யூட்டரில் நிறத்தை உருவுவார்கள். அது ஏமாற்று என்பான். "கலரு சட்டையத்தான் காட்டும்ணே. மொகத்தக் காட்டுறது நெழலு."

முதலில் யாரும் வரவில்லை. நன்றாக இருக்கிற குழந்தையை எவனாவது கறுப்பு வெள்ளையில் எடுப்பானா, மாலை போட்டு மாட்டுகிற படம் மாதிரி இருக்கிறது என்று படியேறி வந்தவர்களும் இறங்கிப் போனார்கள். பிறகு கச்சிபௌலியில் இருபதாவது மாடிக்காரர்கள் வெள்ளைச் சுவருக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுப்பு என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சுவர்களைப் பார்த்த சொந்தக்காரர்கள் உப்பலிலும் இருந்தார்கள். மாடிப்படியில் குழந்தைச் செருப்புகள் சேர ஆரம்பித்தன.

தொழிலில் அவனுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அழிக்கமாட்டான். ஆரம்பத்தில் ஒரு குழந்தையின் பொட்டைக் கறை மாதிரி இருக்கிறதே என்று கம்ப்யூட்டரில் துடைத்துவிட, அதன் அம்மா "கண்ணு பட்டா யாரு பொறுப்பு?" என்று அழுதுகொண்டே சண்டைக்கு வந்துவிட்டாள். அதிலிருந்து மூக்குச் சளி, கொசுக்கடி, எச்சில் வடிந்த தடம் எல்லாவற்றையும் துடைத்து எடுப்பான். பொட்டை மட்டும் விட்டுவைப்பான். மற்றொன்று, துடைத்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே பதிவான். துடைக்காத படம் என்று ஒன்று அப்புறம் உலகத்திலேயே இருக்காது. "ஒரு பிள்ளைக்கு ஒரு மொகம். ரெண்டு எதுக்கு?" என்பான்.

ரஞ்சனா தன் மகள் ஸ்ரேயாவைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு மழை நாளில். இரண்டாவது பிறந்தநாள். ரஞ்சனா திருச்சிப் பக்கத்துப் பெண். அவள் கணவன் வாசுவின் குடும்பமோ தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத். வாசுவுக்கு மத்திய அரசு எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை. வாய் திறந்தால் தமிழும் தெலுங்கும் தக்கினி உருதுவும் ஒன்றாக விழும். குழந்தைக்கு அம்மா பேசுகிற தமிழ் புரியும். பதில் மட்டும் விளையாட்டுத் தோழிகளின் தெலுங்கில் வரும்.

"தம்பி, சீக்கிரம் எடுத்துடுங்க. இவ மூடு எப்ப மாறும்னு சொல்லமுடியாது" என்றாள் ரஞ்சனா.

"நீங்க சும்மா இருங்கக்கா, நாங்க பேசிக்கிறோம். என்ன பாப்பா, இங்க பாரு, மாமாவப் பாரு."

"ஒத்து" என்றது குழந்தை. வேண்டாமாம்.

"சாக்லேட்டு?"

குழந்தை யோசித்தது. "காவாலி."

"ம், அது மட்டும் வேணுமாக்கும். கன்னத்துல கைய வச்சுக்க. இந்தா, இப்படி."

அவன் தன் முஷ்டியைக் கன்னத்தில் ஊன்றிக் காட்ட, அதுவும் அப்படியே ஊன்றியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. குடை விளக்கு அணைந்தது. ஜன்னலில் மழை இருட்டு. இந்த முகம் இன்னொரு தரம் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். கேமராவின் தலையிலேயே இருக்கிற சின்ன ஃப்ளாஷைத் தட்டி எழுப்பி, நேருக்கு நேராக எடுத்துவிட்டான்.

கேமராவின் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினான். ரஞ்சனா சிரித்தாள். பிறகு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

"தம்பி, இந்தக் கண்ணு மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

இடது கண்ணின் பாப்பாவில் ஒரு வெளுப்பு. வலது கண் சாம்பலாக இருந்தது.

"அது ஒண்ணுமில்லக்கா. ஃப்ளாஷு நேரா அடிச்சிருக்கில்ல, வெளிச்சம் கண்ணுக்குள்ள போயி, பின்னாடிச் சுவத்துல பட்டுத் திரும்பி வருது. கலருல எடுத்தா செகப்பாத் தெரியும், பாத்திருப்பீக. பிள்ள லேசாத் திரும்பியிருக்கா, அதான் ஒண்ணுல கூட, ஒண்ணுல கொறைய. ஆங்கிள். அம்புட்டுத்தான்."

"அன்னிக்கு டிவி பாத்துட்டு இருந்தப்பவும் ஒரு தரம் இப்படித் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. பூனைக் கண்ணு மாதிரி. அதான் கேட்டேன்."

"டிவியும் வெளிச்சந்தானக்கா. அதே கதைதான்." காகிதம் எடுத்து ஒரு கண் வரைந்தான். உள்ளே போகிற கோடு, திரும்பி வருகிற கோடு, நடுவில் கோணம். "நான் பி.எஸ்ஸி.ல படிச்சதே இதத்தான். நீங்க கவலைப்படாம போங்க, படத்துலருந்து அத எடுத்துடுறேன்."

ரஞ்சனாவுக்கு நெஞ்சுக்குள் கிடந்த ஏதோ இறங்கியது அவள் தோளிலேயே தெரிந்தது. "அப்பாடி. கருப்புப் பொட்ட மட்டும் எடுத்துடாதீங்க தம்பி, அது நான் பாத்துப் பாத்து வச்சது."

"அதத் தொடமாட்டேன்க்கா."

தொடவில்லை. வலது கண்ணின் பாப்பாவை நகலெடுத்து இடது கண்ணின் மேல் வைத்து, ஓரத்தை மெழுகினான். யார் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பழைய படத்தின் மேலேயே பதிந்தான். முஷ்டியைக் கன்னத்தில் ஊன்றி, உலகத்தையே விசாரிக்கிற மாதிரி பார்க்கிற அந்தப் படத்தை அவன் தன் அறைச் சுவரிலும் ஒன்று மாட்டிக்கொண்டான். அவன் எடுத்ததில் அதுதான் ஆகச் சிறந்தது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அடுத்த வருஷம் மழை தொடங்குகிற சமயத்தில் வாசு தனியாக வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு நினைவு வந்தவனாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"குமார், அந்தப் போன பர்த்டே படம் இருக்குல்ல. அதப் பெருசா போட்டுக் குடு. எவ்ளோ பெருசு வருமோ அவ்ளோ."

"போட்டுருவோம்ணே. பாப்பா நல்லாருக்கா? இந்த வருசம் எடுக்க வரலையே."

வாசு சுவரில் இருந்த படத்தையே பார்த்தான். "கண்ண எடுத்துட்டாங்க பா."

ஆனந்தகுமாருக்கு முதலில் விளங்கவில்லை.

"லெஃப்ட் கண்ணு. உள்ளாற கட்டி. கேன்சர். ரெண்டு மூணு வயசுப் பசங்களுக்கு வருமாம். கதவுல போய் இடிச்சுக்கிட்டே இருந்தா, குறும்புன்னு நெனச்சோம். கண்ணு ஒரு பக்கமா ஒதுங்குதுன்னு ஸ்கூல் டீச்சர் சொல்லித்தான் போனோம். பெரிய கண்ணு ஆஸ்பத்திரிதான். லேட்டுன்னுட்டாங்க. உசிர வேணும்னா காப்பாத்திக் குடுக்கறோம், கண்ணு நக்கோ, வேணாம், விட்டுடுங்கன்னுட்டாங்க."

கீழே டிபன் கடையில் தோசைக்கல்லைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மொதல்ல இது போட்டோவுலதான் தெரியுமாம். ஃப்ளாஷ் போட்டா கண்ணுக்குள்ள வெள்ளையா அடிக்குமாம். பழைய போட்டோ இருந்தா கொண்டாங்கன்னார் டாக்டர். செல்லுல எடுத்ததெல்லாம் ஒண்ணும் புரியல, இவ எங்க ஒரு நிமிஷம் நிக்கறா? உன் படத்தத்தான் எடுத்துட்டுப் போனோம். ஃப்ளாஷ் போட்டது, நேரா பாக்கறா. க்ளீன். ஒரு புள்ளி கிடையாது." வாசு ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றி ஏற்றி இறக்கினான். "அப்போ அதுக்கப்புறம் வந்து வளந்ததுதானே? வீட்லயே இருந்தவ ரஞ்சனா. ஒரு வருஷமா பெத்தவ கண்ணுக்குப் படலையான்னு எங்க அக்கா தெனம் கேக்கறா. நானும் கேட்டுட்டேன். பதிலே சொல்லமாட்டேங்கறா பா. செவுரப் பாத்துட்டு உக்காந்துக்கறா."

ஆனந்தகுமார் சுவரில் இருந்த படத்தின் இடது கண்ணைப் பார்த்தான்.

"அதான் இந்தப் படம் வேணும்னேன். ரெண்டு கண்ணும் நல்லா இருந்தப்போ எடுத்தது இது ஒண்ணுதான்" என்று வாசு எழுந்தான்.

அவன் போனபின் ஆனந்தகுமார் கம்ப்யூட்டரைத் திறந்து தேடினான். தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும். பதிந்ததன் மேல் பதிந்துவிட்டால் பழையது போனது போனதுதான். கேமராவின் கார்டில் அதற்கப்புறம் எத்தனையோ குழந்தைகள் ஏறி இறங்கிவிட்டார்கள். திரையில் ஸ்ரேயா முஷ்டியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். இடது கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தான். அது அவன் வைத்த கண்.

கலரில் எடுத்திருந்தால் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் வந்து நின்றிருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஏன் என்று கேட்டிருக்கும். கறுப்பு வெள்ளையில் சிவப்பு சாம்பலாகி, வெள்ளை வெளிச்சமாகி, இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்துபோனது. குறைந்துபோனதை அவன் கோடு போட்டு விளக்கினான். அவன் சொன்ன பாடத்தில் ஒரு வரிகூடத் தப்பில்லை. வெளிச்சம் உள்ளே போய்ப் பின்னாடிச் சுவரில் பட்டுத்தான் திரும்பி வந்தது. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அவள் கேட்டாள். பாடம் படிக்காதவள் கேட்டாள், படித்தவன் வாயை அடைத்தான்.

அந்த வாரம் வந்த இரண்டு குழந்தைகளைக் கேமரா ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினான். ஒரே ஒரு நினைப்புதான் அவனைப் பிடித்து நிறுத்தியது. அந்த அக்கா பார்த்தாள். பார்த்ததை நான் ஒருவன்தான் அறிவேன். பார்க்காதவள் என்ற பழி அவள் மேல் கிடக்கிறது, அதற்குச் சாட்சியாக என் படம் நிற்கிறது. நான் போய்ச் சொன்னால் அந்தப் பழியாவது இறங்கும். என் தலை போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனான். கதவைத் திறந்தது வாசுவின் அக்கா பானு, எதிர்வீட்டிலேயே குடியிருப்பவள். ஹாலில் வாசு பேப்பரோடு இருந்தான். ரஞ்சனா தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. இடது கண்ணில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஸ்ரேயா, தலையை முழுக்கத் திருப்பி நல்ல கண்ணால் அவனை அளந்தாள். ஆள் யாரென்று பிடிபட்டதும் முஷ்டியைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"போட்டோ!" என்றாள்.

"என்ன பா, படம் ஆயிடுச்சா?" என்றான் வாசு.

"இல்லண்ணே. ஒரு விசயம் சொல்லணும்." நின்றுகொண்டே சொன்னான். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். "அந்தப் படத்துல வெள்ளை இருந்துச்சுண்ணே. இடது கண்ணுல. நாந்தான் அழிச்சேன். அது ஆங்கிள்னு நெனச்சேன். அக்கா அன்னிக்கே கேட்டாங்க. ஏன் வெள்ளையா இருக்குன்னு கேட்டாங்க. டிவி பாக்கும்போதும் தெரிஞ்சுச்சுன்னாங்க. நாந்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். தப்பு முழுசும் என்னுது. அவுகளத் திட்டாதீங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது உண்மை. அது ஒரு மூச்சு நேரம் இருந்தது.

வாசு அவனைப் பார்க்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தான். மனைவியைப் பார்த்தான்.

"நீ பாத்தியா?"

ரஞ்சனா பட்டாணித் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேன்ல. டிவி பாக்கறப்போவும் பாத்தியா?"

"ஒரு தரம். ரெண்டு தரம்."

"போன வருஷமே?"

"ம்."

"பாத்துட்டு ஏன், கைக்கு என்கிட்ட சொல்லல?"

"தம்பி படிச்சவர்... படம்லாம் போட்டு சொன்னார். உங்ககிட்ட சொன்னா நீங்க வேற பயந்துப்பீங்கன்னு..."

"போட்டோக்காரன்ட்ட கேட்டே. பெத்தவன்ட்ட கேக்கல. டாக்டர்ட்ட கேக்கல."

பானு சுவரில் சாய்ந்தாள். "இத்தன நாளா பாக்காம விட்டுட்டான்னு நெனச்சோமேடா. பாத்துட்டே இருந்திருக்கா."

"இல்லக்கா, அவுக கேட்டாங்க, நாந்தான்..." என்று ஆனந்தகுமார் குறுக்கே புகுந்தான்.

"நீ பேசாத." வாசுவின் குரல் உயரவே இல்லை. "டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? போன வருஷமே வந்திருந்தா கண்ணு நின்னிருக்கும்னார். இது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது, விடுங்கன்னு நானே மனச தேத்திக்கிட்டேன். தெரிஞ்சிருக்கு. வீட்டுக்குள்ளயே தெரிஞ்சிருக்கு. போ பா நீ."

ஸ்ரேயா இன்னும் முஷ்டியை எடுக்கவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை என்று புரிந்ததும் "மாமா, தீய்யி!" என்று அதட்டினாள். எடு என்று அர்த்தம்.

அவன் படியிறங்கும்போது பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. ரஞ்சனா மூன்று படி மேலேயே நின்றுகொண்டாள்.

"எதுக்குத் தம்பி வந்தீங்க?"

"உங்களத் திட்டுறாகளேன்னுதான்க்கா. நீங்க பாத்தீங்கன்னு தெரிஞ்சா..."

"நான் வாயத் தொறந்திருக்க முடியாதா? ஒரு வருஷமா எனக்குத் தெரியாதா அது?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "பாக்கலைன்னா திட்டுவாங்க. திட்டித் திட்டி ஒரு நாள் விட்டிருப்பாங்க. குருட்டு ஜென்மம்னு பேரு வாங்கிட்டு அந்தப் புள்ளைய வளத்திருப்பேன். இப்ப பாத்தவளாயிட்டேன். இதுலருந்து எப்படித் தம்பி எறங்கறது?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதையும் அவள் பார்க்கவில்லை; மேலே வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கூடுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்தப் போட்டுக் குடுத்துடுங்க" என்றாள் கடைசியில். "பெருசா."

"அக்கா, அது நான் ஒட்ட வச்ச கண்ணு."

"தெரியும். அந்தப் புள்ள வளந்து வந்து கேக்கும், எனக்கு எப்பவாவது ரெண்டு கண்ணு இருந்துச்சாம்மான்னு. காட்டறதுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

நகரத்தின் நடுவே கோட்டிக் கடைத்தெருவில் இருக்கிற பிரிண்ட் கடைக்குத்தான் அவன் பெரிய படங்களை எடுத்துப்போவது. மறுநாள் மத்தியானம் போனான். மிஷினிலிருந்து படம் அங்குலம் அங்குலமாக இறங்கியது. நெற்றி வந்தது. கண்கள் வந்தன. கன்னமும் முஷ்டியும் வந்தன, ரஞ்சனா பார்த்துப் பார்த்து வைத்த கறுப்புப் பொட்டு வந்தது. கடைக்காரர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"கண்ண எப்படிப் பிடிச்சிருக்க பா! ரெண்டும் என்னமா பேசுது!" என்றார் தெலுங்கில்.

ஆனந்தகுமார் படத்தைச் சுருட்டச் சொன்னான். பில்லில் பெயர் எழுதும்போது கடைக்காரர் வழக்கம்போல "பி.எஸ்ஸி. போடணும், இல்ல?" என்று கிண்டலாகக் கேட்டார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். படம் வைத்த அட்டைக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன், உப்பல் பஸ் இரண்டு வந்து போனபின்னும் அங்கேயே நின்றான்.